பின்சுவரும் ஒரு பேன்ட்டும்

தையல்காரக்கா அதிர்ந்து பேசாதவள். அவளுடைய வாடிக்கை வீடுகளெல்லாம் அவள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தன. கூப்பிட்டால் கேட்கும் தூரம். நகரம் வளர வளர, நிலம் வாங்கியவர்கள் ஆளாளுக்குச் சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் போகும் தெருவை அடைத்துவிட்டார்கள். இப்போது அங்கே போக மெயின் ரோட்டைச் சுற்றி நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். வாடிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், மிஞ்சியது நான்கே வீடு.

"இந்த நாலும் போச்சுன்னா மெஷினை மூடி வச்சிட வேண்டியதுதான்" என்று புருஷனிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த நான்கில் ஒன்று, சுவரில் கதவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற குடியிருப்புச் சங்கச் செயலாளருடையது. ஒரு நாள் காலை எட்டே முக்காலுக்கு அவர் போன் செய்தார். இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுத்த பேன்ட் உடனே வேண்டுமாம், ஒன்பதுக்கு மீட்டிங்.

"நான் பறந்தா வர முடியும் சார்? பின்சுவர்கிட்ட வாங்க."

துணி காயப்போடும் கம்பில் பேன்ட்டை மாட்டி உயர்த்தினாள். அந்தப் பக்கம் ஸ்டூல் ஆடும் சத்தம்; பிறகு ஒரு வழுக்கைத் தலை எழுந்தது.

"நல்லா எட்டிப் பிடிங்க! நீங்க கட்டின சுவர்தானே!" என்று கீழேயிருந்து அவர் மனைவி சிரித்தாள்.

"ஏம்மா, இங்க சின்னதா ஒரு கதவு வச்சா என்ன?" என்றார் செயலாளர் அக்காவிடம், கையை நீட்டியபடி.

அக்கா கம்பை ஒரு சாண் கீழே இறக்கினாள்.

"என்னைக்குன்னு சொல்லுங்க சார்."

"ஞாயித்துக்கிழமை கொத்தனாரை வரச் சொல்றேன், தாயே! முதல்ல பேன்ட்டைக் குடு!"

கம்பு மேலே போனது.