ஆவணிக்குக் காத்திருந்த சீட்டு

ஆந்திர எல்லையோர நகரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் யூனிவர்சிட்டி பஸ்ஸை ஓட்டுகிற ஆதிநாராயணனைத் தெரியாத பெண்பிள்ளை அந்தப் பாதையில் கிடையாது. மூஞ்சியைக் கறாராகத்தான் வைத்துக்கொள்வார். ஆனால் எவளாவது ஈரத் தலையோடு ஓடி வருவது தெரிந்தால் போதும், பஸ் நகராது. இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்தவள் கிருஷ்ணம்மா. அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

இந்த வருஷம் அவர்கள் மகள் ஹரிதாவுக்கே அந்த யூனிவர்சிட்டியில் பி.எஸ்சி. சீட்டு கிடைத்தது. வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. நேரில் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். கிருஷ்ணம்மாவுக்கு அது வெறும் வழக்கமும் இல்லை, பட்ட பாடு. மூத்தவன் கிஷோர், வேண்டாம் வேண்டாம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், ஆடியில் செல்போன் கடை திறந்தான். தீபாவளிக்கு முன்னாலேயே இழுத்து மூடினான். அதனால் ஆவணி பிறந்த பிறகுதான் பெண்ணை அனுப்புவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆதிநாராயணனும் தலையாட்டினார். அங்கேதான் கோட்டை விட்டார் மனுஷன். யூனிவர்சிட்டியும் தன் பஸ் மாதிரி, ஆள் ஓடி வந்தால் நிற்கும் என்று நினைத்துவிட்டார்.

தெலுங்குக்காரர்களுக்கும் அவர்கள் கணக்கில் வரும் ஆஷாட மாதம் ஆகாதுதான். ஆனால் அவர்களுக்கு அது அமாவாசையோடு தீர்ந்தது. மறுநாளே சிராவணம், நல்ல காலம். நமக்கோ ஆடி அதற்கப்புறமும் வாரக்கணக்கில் இழுக்கும். ஆஷாடம் போகட்டும் என்று சேர்க்கையைத் தள்ளி வைத்த யூனிவர்சிட்டிப் புண்ணியவான்களுக்கு, எல்லையோரத்தில் இரண்டு பஞ்சாங்கம் ஓடுவது தோன்றவில்லை. யாரைக் குறை சொல்வது?

புதுக் கல்வியாண்டின் தொடக்க விழா அன்று பஸ்ஸை நிழலில் நிறுத்திவிட்டு, அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவோரம் கையில் மோரோடு நின்றிருந்தார் ஆதிநாராயணன். மேடையில் துணைவேந்தர் சாதனைகளை வாசித்தார். நாட்டின் தரவரிசையில் ஏற்றம், மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் டிரோனுக்குக் காப்புரிமை, படிப்பு முடியுமுன்னே வேலை வாங்கிய பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் இவர் தன் வீட்டு விசேஷம் போலக் கைதட்டினார். வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கிய பரணி மேடையேறியபோது விசில் அடிக்காததுதான் குறை. புத்தூரில் அவர் பஸ்ஸில் ஏறி இறங்கிய பெண் அது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு அறிவிப்பு வந்தது. சேர்க்கை இன்று மாலையோடு முடிகிறது, வராதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்.

 ஆதிநாராயணன் மோர் டம்ளரைக் கதவோரமே வைத்துவிட்டுச் சேர்க்கைப் பிரிவுக்கு ஓடினார். அங்கே இருந்த நாகையா பழகின ஆள். கம்ப்யூட்டரைப் பார்த்து, நகரியில் இரண்டு பேர் வரவில்லை என்றார். ஒருத்தி ஹரிதா. இன்னொருத்தி பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓட்டுகிறவர் மகள் தரணி. ஐந்து மணிக்கு மேல் தன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆஷாடம்தான் போய்விட்டதே, இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்டார். பஞ்சாங்கம் விளக்க அதுவா நேரம்?

வீட்டுக்குப் போன் போட்டார். கிருஷ்ணம்மா அசையவில்லை.

"இந்தச் சீட்டு போனா அடுத்த வருஷம் இன்னொண்ணு வரும். எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?"

அவள் குரலில் பிடிவாதத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் சரி என்று போனை வைத்திருப்பார். அன்று வைக்கவில்லை.

"கிஷ்ணம்மா, இப்ப மேடையில ஒரு பொண்ணு பதக்கம் வாங்கிச்சி. அது எம் பஸ்ல மொத மொத ஏறுன நாளு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. சிராவண வெள்ளின்னு அவங்கம்மா பூ வெச்சி ஏத்திவுட்டாங்க. அன்னிக்கு காலையில நீ நம்ம அம்மன் கோயில்ல ஆடிக் கூழு ஊத்திக்கினு இருந்த. அவங்களுக்கு நல்ல நாளு, நமக்கு ஆடி. இத்தினி வருசமா ஊரு பொண்ணுங்கள நம்ம ஆடியிலதான் ஏத்திக்கினு வந்தேன். எது கெட்டுப்போச்சி, சொல்லு. எம்பொண்ணு மட்டும் வூட்ல குந்திக்கினு இருக்குது."

  கிருஷ்ணம்மா போனை வைத்துவிட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மதியம் சாப்பாடு இறங்குமா? கேட்டிலேயே நின்றார். வந்து நின்ற பஸ்ஸையெல்லாம் பார்த்தார், ஷேர் ஆட்டோவையெல்லாம் பார்த்தார். வெயில் சாய ஆரம்பித்தது. இனி அவ்வளவுதான் என்று மனசு விட்டுப்போன நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நெற்றி நிறைய குங்குமத்தோடு கிருஷ்ணம்மா இறங்கினாள். பின்னால் ஹரிதா. அவளுக்கும் பின்னால், பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரணி.

ஹரிதா அப்பா காதருகே வந்தாள். "நைனா, நீ சொன்னதையே இன்னும் ரெண்டு சேத்து தரணி வூட்ல சொன்னுச்சி அம்மா. அவங்களால மறுபேச்சு பேச முடியல."

நாகையா முன்னால் இரண்டு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் ஆதிநாராயணன் மனைவியிடம் மெதுவாக, இப்போது பயம் போய்விட்டதா என்று கேட்டார்.

"எங்க போச்சி? அதான் ரெண்டு பேரா இட்டாந்தேன். ஒருத்தின்னா ஆடி புடிச்சிக்கும். ரெண்டு பேருன்னா யார புடிக்கறதுன்னு அதுவே முழிச்சிக்கினு நிக்கட்டும்" என்றாள் கிருஷ்ணம்மா.

சாயங்கால பஸ்ஸில் மற்ற பிள்ளைகளோடு அவர்களும் ஏறினார்கள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்த கிருஷ்ணம்மா, நகரி வரும்வரை அவர்கள் கையை விடவே இல்லை.