வில்டா ஹெக்மனின் முப்பத்திரண்டு நாட்கள்

கென்டக்கி மலைப்பக்கத்தில் கோல்ட் ஃபோர்க் பெண்கள் சிறையின் பதிவறை முப்பத்தொரு ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போக வேண்டும், நடத்தை எப்படி என்பதற்கெல்லாம் என் கையெழுத்துதான் கடைசி. நான் ஓய்வுபெற்ற அன்று, ஓரின் ஸ்டில்ட்னர் யாரையும் ஒரு நாள்கூடக் கூடுதலாக உள்ளே வைத்ததில்லை என்று கண்காணிப்பாளர் பேசினார். நான் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வில்டா ஹெக்மன் ஓஹையோக்காரர். ராணுவ முகாம் ஒன்றின் தண்ணீரைப் பரிசோதித்த ஆய்வகத்தில் எழுத்தராக இருந்தார். வீரர்களின் குடும்பங்கள் குடித்த கிணறுகளில் ரசாயனம் கலந்திருந்தது. ஆய்வகத்தில் எண்களைத் திருத்தினார்கள். அறிக்கையின்மேல் ரகசிய முத்திரை விழுந்தது. வில்டா மேலதிகாரிகளுக்கு இரண்டு முறை எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. நாற்பத்தொரு பக்கங்களை நகலெடுத்து ஒரு பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். கிணறுகளை மூடினார்கள். எண்களைத் திருத்தியவர்களுக்கு இடமாற்றம் கிடைத்தது. வில்டாவுக்கு ஏழு ஆண்டுச் சிறை.

அவர் கணவர் ராய்ஸுக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் உருளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஐந்து மணி நேரம் காரோட்டி வந்து மனைவியைப் பார்ப்பார். இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்க மாட்டார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் வில்டா தண்டனையைக் குறைக்கச் சொல்லி அதிபருக்கு மனுப் போட்டார். அந்த அதிபரின் ஆட்சி அடுத்த ஜனவரி இருபதாம் தேதி நண்பகலோடு முடிய இருந்தது. புதிதாக வருகிறவர் ரகசியத்தை வெளியிட்டவர்களுக்கு இரக்கம் காட்டமாட்டேன் என்று ஊர் ஊராகச் சொல்லி ஓட்டு வாங்கியவர்.

தலைநகரிலிருந்து வில்டாவின் நடத்தைப் பதிவைக் கேட்டுக் கடிதம் வந்தது. பூர்த்தியாகாத பதிவு என்னிடமிருந்து வெளியே போகாது. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வில்டா புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குத் தன் கம்பளிக் காலுறையைக் கொடுத்தார். கைதிகள் ஒருவருக்கொருவர் பொருள் கொடுக்கக் கூடாது. காவலர் குற்றச்சாட்டு எழுதிவிட்டார். விசாரிக்க வேண்டிய அதிகாரி கிறிஸ்துமஸ் விடுப்பில் போய்விட்டார். 'விசாரணை நிலுவையில்' என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி அனுப்பவும் விதியில் இடம் உண்டு. நான் அப்படி ஒருமுறைகூட அனுப்பியதில்லை.

கைதிகளின் வழக்குகளைக் கவனித்த கிளியான் மேப்ரி தினமும் என் மேசைக்கு வந்து நின்றான்.

"யோவ் ஓரின், அனுப்பிட்டியா இல்லையா?"

"விசாரணை முடியட்டும்."

"ஒரு ஜோடி சாக்ஸுய்யா. அவ என்ன துப்பாக்கியா குடுத்தா?"

"சாக்ஸா துப்பாக்கியான்னு முடிவு பண்றது நான் இல்ல."

"நீ செத்தா உன் கல்லறைல தேதிய மட்டும் வெட்டி வெப்பாங்க. அதையும் நீ எந்திரிச்சு வந்து சரிபார்ப்ப."

ஜனவரி ஒன்பதாம் தேதி விசாரணை நடந்தது. நான்கு நிமிடம். குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார்கள். மறுநாள் காலை எட்டரைக்கு, ஒரு கறையும் இல்லாத பதிவை அனுப்பினேன்.

இருபதாம் தேதி பதினொரு மணிக்கு ஊழியர் உணவறையில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் அதிபரின் கடைசிப் பட்டியலை வாசித்தார்கள். முதல் பெயர் ஓட்டல் முதலாளி ஒருவருடையது. வரி ஏய்த்தவர், அதிபரின் தேர்தலுக்கு நிதி திரட்டியவர். மனுப் போடவில்லை, ஒரு நாள் சிறையில் இருந்ததில்லை. முழு மன்னிப்பு. பட்டியல் முடிந்தது. வில்டாவின் பெயர் இல்லை.

"அந்த ஓட்டல்காரனோட நடத்தைப் பதிவு யாரு எழுதி அனுப்பினா ஓரின்?" என்றான் கிளியான்.

பிப்ரவரியில் கோப்பு திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: பரிந்துரை சாதகம், ஜனவரி ஆறு வரை சிறைப் பதிவு கிடைக்காததால் பட்டியலில் சேர்க்க இயலவில்லை. மேலே 'நிராகரிக்கப்பட்டது' என்று புதிய ஆட்சியின் முத்திரை.

ராய்ஸ் அடுத்த ஆண்டு அக்டோபரில் இறந்தார். பாதிரியார் தன் அறைக்குக் கூப்பிட்டு வில்டாவிடம் சொன்னார். குடும்ப விவரப் பக்கத்தில் 'கணவர்' என்பதற்கு எதிரே 'காலமானார்' என்று எழுதி நாளைக் குறித்தது நான்தான். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வில்டாவை உள்ளே வைத்திருந்து, குறித்த நாளில் விடுவித்தோம்.

வெளியே வந்து ஐந்து ஆண்டு கழிந்தால்தான் முழு மன்னிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். மன்னிப்பு கிடைத்தால் வில்டா மறுபடி ஆய்வக உரிமம் வாங்கலாம். ஆனால் முந்தைய மனு நிராகரிக்கப்பட்டது என்று விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். அந்த ஐந்து ஆண்டு முடிந்ததும், ஏன் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் உதவும் என்று, ஓய்விலிருந்த என்னிடம் கிளியான் தொலைபேசியில் சொன்னான். ஒரு பக்கம் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு ஓஹையோவுக்குக் காரோட்டிப் போனேன். எனக்கு அப்போது எழுபத்தாறு வயது.

வில்டா பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கைகளில் பச்சை ஒட்டியிருந்தது. சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"ஸ்டில்ட்னர் சார் என் சமையலறைல காப்பி குடிப்பீங்கன்னு நான் நெனச்சதே இல்ல. அங்க உங்களப் பாத்தாலே நாங்க சட்டைப் பொத்தானச் சரிபண்ணுவோம்."

நான் தாளை நீட்டினேன். பென்சிலை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். குற்றச்சாட்டு நிலுவையில் இருந்ததால் பதிவை இருபத்தொன்பது நாள் நிறுத்திவைத்தேன், அது என் பிழை என்று எழுதியிருந்தேன்.

"கணக்கு தப்பு சார்."

"பன்னிரண்டாம் தேதியிலிருந்து ஜனவரி பத்து வரைக்கும் இருபத்தொன்பதுதாம்மா."

"அது சாக்ஸ் குடுத்த நாள். கடிதம் உங்க மேசைக்கு வந்தது டிசம்பர் ஒன்பதாம் தேதி. கோப்போட நகல் வாங்கிட்டேன், உங்க முத்திரையே இருக்கு. முப்பத்திரண்டு நாள்." பென்சிலால் அந்த எண்ணின் கீழே கோடு போட்டார். "எல்லாருக்கும் மறுநாளே அனுப்புவீங்கன்னு கிளியான் சொன்னார். எனக்கு மட்டும் அந்த மூணு நாள் என்ன ஆச்சு?"

அந்தக் கேள்வியை இத்தனை ஆண்டில் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமல் இருப்பதற்காகத்தான் பன்னிரண்டிலிருந்து எண்ணிப் பழகியிருந்தேன்.

"பதிவு தயாராத்தான் இருந்தது" என்றேன். "ஒன்பதாம் தேதி சாயங்காலமே. கையெழுத்து மட்டும் பாக்கி. நீங்க ஆய்வகத்துல கோப்ப வெச்சிருந்தவங்க. நானும் கோப்பு வெச்சிருக்கிறவன். நம்பிக் குடுத்த தாள வெளிய குடுத்தவங்க கொஞ்சம் காத்திருக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் அந்தக் குற்றச்சாட்டு வந்தது. எனக்கு வசதியாப் போச்சு."

வில்டா எழுந்து போய்க் கைகளைக் கழுவினார். பச்சை போகவில்லை.

"ராய்ஸ் ஒவ்வொரு தடவ வந்தப்பவும் கேப்பார், பதிவறையில இருக்கிறவர் எப்படி ஆளுன்னு. கறாரான மனுஷன், ஆனா நேர்மையானவர்னு சொல்வேன்."

"என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்க நான் வரல."

"நல்லது. ஏன்னா நான் மன்னிக்கல. இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க. வசதியாப் போச்சுன்னு சொன்னீங்களே, அதையும் சேர்த்து."

"அத எழுதினா, அதிகாரியே ஒப்புக்கிட்டார்னு பத்திரிகைல வரும்."

"என் பேரும் அப்படித்தான் பத்திரிகைல வந்துச்சு" என்று சொல்லி வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

முப்பத்திரண்டு என்று எழுதினேன். அந்த மூன்று நாளுக்கான காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டேன். வில்டா இரண்டு முறை படித்துவிட்டு விண்ணப்பத்தோடு சேர்த்தார். இப்போதைய அதிபரின் ஆட்சி முடிய இரண்டு ஆண்டு, நான்கு மாதம், பதினொரு நாள் இருந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. வேறெதுவும் இன்னும் வரவில்லை.