இரட்டைப் பிள்ளை பெற்றவளின் கை

என் தங்கை கமலாவின் காலை நீவிக் கெடுத்தவள் நான்தான். அவள் அல்ல. நான்!

என்னை நல்லவள் என்று நினைத்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்குப் போய்விடும் என்பார்கள் நம் சனங்கள். எங்கள் ஊர் காஜா பேராங்கில் அந்தப் பெருமை எனக்கு. பக்கத்து ஊர் கிளேபாங்கிலிருந்துகூட வருவார்கள். கர்வம் தலைக்கேறாமல் என்ன செய்யும்?

கமலாவுக்கு இரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தாதிப் பெண் என்னிடம்தான் படித்துப் படித்துச் சொன்னாள். “காய்ச்சலோ வலியோ வந்தா ஒடனே கூட்டியாந்துடுங்க. வீட்டு வைத்தியம் வேணாம்.”

கேட்டேனா?

சுதந்திர ஊர்வலத்துக்குத் தெருவெல்லாம் கொடி கட்டிய வாரம். தொடை வலிக்கிறது என்றாள் கமலா. “ஊர்வலம் பாக்கணும்க்கா. நீவி விடேன்.”

தொட்டுப் பார்த்தேன். சிவப்பில்லை, கட்டியில்லை. சுளுக்குதான் என்று நானே தீர்ப்புச் சொன்னேன்! நல்லெண்ணெய் காய்ச்சி அழுத்தி அழுத்தி நீவினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மறுநாளும்... அதற்கு மறுநாளும்...

உடம்பு அனலாய்க் கொதித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொடையில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்ததும் டாக்டர் ஆங்கிலத்தில் கத்தினார். “யாரு தேச்சது?” என்று அதே தாதி தமிழில் கேட்டாள்.

என் கையில் எண்ணெய் வாசம் போகவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தேனா?

“நான்தான்... நானே தேச்சிக்கிட்டேன்” என்றாள் கமலா.

சாகக் கிடந்தவளை எல்லாரும் ஏசினார்கள். நான் தலைமாட்டில் குனிந்து நின்றேன். துக்கம் என்று நினைத்தார்கள். தூ!

கீறிப் பார்த்தபோது சதைக்குள் ஆழத்தில் அழுகியிருந்ததாம். சிவக்கவும் சீழ் கட்டவும்கூட அந்த இரத்தத்துக்கு வலுவில்லையாம். கொடிகளை அவிழ்ப்பதற்குள் போய்விட்டாள்.

புற்றுநோய் எப்படியும் கொண்டுபோயிருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். ஊர்வலத்தையாவது பார்த்திருப்பாள்!

கைராசிக்காரி என்று என்னை ஏற்றிவிட்ட ஊர்மேல் ஆத்திரம் வருகிறது. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாளே, அவள்மேலும் வருகிறது. ஏனடி அப்படிச் சொன்னாய்? நான் கேட்டேனா? ஆனால் சூடு போட வேண்டியது என் வாய்க்கல்லவா!

இந்த ஆண்டுத் திதிக்கும் அவள் கணவர் வந்திருந்தார். இலைமுன் உட்கார்ந்து, “சொன்ன பேச்சக் கேக்காம தானே தேச்சிக் கெடுத்துக்கிட்டா. பிடிவாதக்காரி. இல்லக்கா?” என்றார்.

“ஆமாம்” என்றேன். சோறு வைத்தேன்.