“யாரு விக்கிறாங்க, மகன்?”

பங்குத் தரகர் கந்தோரில் வேலை செய்கிறவனுக்கு விலை ஏறினால் மருமகன் மரியாதை. இறங்கினால் களவு போன வீட்டு நாய்க்குக் கிடைக்கிற மரியாதை. கல்முனைப் பிரதான வீதியில், துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கிளை. நீங்களும் மேலிடத்துக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் கிடந்து இடிபடுகிறவர் என்றால், என் பாடு சொல்லாமலே விளங்கும்.

இல்லாத சாமான்

அன்று சந்தை திறக்க முன்னமே கந்தோர் கொதித்துக்கொண்டிருந்தது. ‘ஷோர்ட் செல்லிங்’ பற்றிப் புது விதிகள் வரப்போகின்றன என்று யாரோ வட்சப்பில் போட்டுவிட்டார்கள். சம்மாந்துறையில் நெல் மில் வைத்திருக்கும் இஸ்மாயில் ஹாஜியார், “அதென்ன தம்பி?” என்றார். ஒருவரிடம் பங்கை இரவல் வாங்கி விற்பது, விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுப்பது, இடையில் உள்ள வித்தியாசம் லாபம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். எனக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது.

ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “தன்ட கையில இல்லாத சாமான விக்கிறது இஸ்லாம் மார்க்கத்துல கூடாது தம்பி! நம்மட மீன் சந்தையில ஒருத்தன் இப்பிடிச் செஞ்சா, சனம் அவனக் கூடையோட தூக்கிக் கடல்ல போடும்!”

சூசை அண்ணனின் நெல்

பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் சொறிக்கல்முனை விவசாயி சூசை அண்ணன். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “ஹாஜியார், பெரும்போகம் வெட்டி உங்கட மில்லுல போட்ட என்ட நெல்லு இப்ப அங்க இரிக்கா?”

எங்கள் பக்கத்து வழக்கம் இது. அறுவடை நேரம் விலை மட்டமாக இருந்தால், விற்க மனமில்லாதவர் நெல்லை மில்லில் போட்டுவைப்பார். விலை ஏறிய ஒரு நாளில் வந்து, “இண்டைய விலைக்கு எடுத்துக் காசத் தாங்க” என்பார். அதுவரை மூட்டை காத்துக்கொண்டிருக்காது. மில்காரர் குத்தி அரிசியாக்கி விற்றுவிட்டு, பிறகு வேறு நெல் வாங்கி ஈடுசெய்வார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. சூசை அண்ணன் கேட்டேவிட்டார்!

கந்தோரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஹாஜியாரும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி சிரித்தார். ஆனால் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. “ஓம், வித்துத்தான் போட்டன். ஆனா சூச, நீ வந்து கேட்டா இவ்வளவு வித்த, இவ்வளவு கிடக்கு எண்டு முகத்துக்கு நேர சொல்லுவன். கொழும்புல இரவல் வாங்கி விக்கிறவன் உனக்குச் சொல்லுவானா?”

எனக்கும் தெரியாது

அடுத்த கிழமை சகர்பான் டீச்சர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வது எங்கள் ஊர் முறை. டீச்சரின் மகளுக்குச் சுவர் எழும்பிவிட்டது. மேல் தட்டு, அதாவது கொங்கிறீட் கூரை, போட வைத்திருந்த காசெல்லாம் ஒரே கொம்பனியின் பங்கில் கிடந்தது. அந்தப் பங்கு நாளுக்கு நாள் விழுந்துகொண்டிருந்தது.

“யாரு விக்கிறாங்க, மகன்?” என்று கேட்டார். எத்தனை பங்கு கைமாறியது என்பது திரையில் தெரியும். விற்றவர் பங்குக்குச் சொந்தக்காரரா, இரவல்காரரா என்பது எனக்கும் தெரியாது. வெட்கப்பட்டபடி அதைத்தான் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “கொம்பனி கெட்டு விழுகுதா, யாரும் இழுத்து விழுத்துறாங்களா? அந்த ஒண்டு தெரிஞ்சாப் போதும் மகன், மிச்சக் கணக்க நான் செய்வன்.”

மண்டபத்தில்

புது விதிகளைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கப் பங்குச் சந்தையை மேற்பார்க்கும் அதிகாரிகள் கொழும்பிலிருந்து ஊர் மண்டபத்துக்கு வந்தார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது! கலியாண வீட்டில்கூட இத்தனை பேர் நேரத்துக்கு வந்து நான் கண்டதில்லை. ஒரு இளம் அதிகாரி நல்ல தமிழில் விளக்கினார்: இரவல் பங்கு விற்றால் தரகர் அன்றன்றே அறிவிக்க வேண்டும்.

டீச்சர் எழும்பினார். “ஆருக்கு அறிவிக்கிற?” எங்கள் அலுவலகத்துக்கு என்றார் அதிகாரி. “அப்ப பங்கு வாங்கின எங்களுக்கு?” என்றார் டீச்சர். மாத முடிவில் மொத்தமாக வெளியிடுவது பற்றி யோசிக்கிறோம் என்றார் அதிகாரி. மண்டபம் இரைந்தது. ஹாஜியார் ஒரு பக்கம் கத்த, சூசை அண்ணன் மறுபக்கம் கதிரைமேல் ஏறிவிட்டார். கொம்பனிச் சட்டை போட்டிருந்ததை மறந்து நானும் கை தட்டினேன். டீச்சரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: “மாசம் முடிஞ்சு சொல்லுறதுக்கு நீங்க எதுக்கு சேர்? அதுக்குள்ள விலையே எங்களுக்குச் சொல்லிப்போடும்!”

மறுநாள் காலை

“அன்றன்று மாலையே மக்களுக்கும் தெரியவேண்டும்” என்று அதிகாரி குறித்துக்கொண்டு போனார். நாங்கள் வென்றுவிட்ட மாதிரித்தான் இரவு தூங்கினேன். காலையில் கந்தோர் திறக்கும்போது டீச்சர் படியில் நின்றார். அவ்வளவு பங்கையும் விற்கச் சொன்னார்.

பதறிப்போய், கொஞ்சம் பொறுங்கள், விதி வரும், விலையும் திரும்பலாம் என்றேன். டீச்சர் ஆறுதலாக என் தோளில் தட்டினார். “விலை விழுந்ததுக்குப் பயந்து விக்கல்ல மகன். மகள்ட தலைக்கு மேல வாற தட்ட நான் தெரியாத ஒண்டுல போட ஏலாது. யாரு விக்கிறாங்க எண்டு கேட்டதுக்குப் பதில் வாற அண்டைக்கு நானும் திரும்பி வாறன்.”

கையில் பங்கில்லாமல் விற்கிறவனைப் பற்றி ஊரெல்லாம் கதைக்கிறது. கையில் பதிலில்லாமல் தினமும் கந்தோர் திறக்கிறவன் நான் என்பதை உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன்.