ஒனோரேயின் பதினொரு டிகிரி

எஸ்தாக் துறைமுகத்தில் புனித பேதுரு திருவிழா வந்தால் ஊரே படகுகளைப் பார்க்கும். நான் தண்ணீருக்கு மேலே, ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஜோசியானுக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு" என்று கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும். அந்த இடத்தில் ஒருநாள் ஒனோரே கசால்தா நின்றான். அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

ஜெட் ஸ்கீ என்கிற தண்ணீர் ஸ்கூட்டர்களைப் பழுதுபார்க்கும் என் பட்டறையில் அவன் வெல்டர். வாரத்தில் ஆறு நாள் வாயைத் திறக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளே வேறு. எங்கள் ஊர்க் கழிப்போட்டியில் இரண்டு படகுகள் எதிரெதிராக வரும். படகின் பின்முனையில் உயரமாக நீட்டியிருக்கும் பலகையில் ஆளுக்கொருவர் நிற்பார்கள். கையில் நீளக் கழி, மார்பில் மரக் கேடயம். மோதியதும் ஒருவன் தண்ணீரில் விழுவான். விழுவதில் வெட்கமில்லை. அடி வாங்கும்போது பலகையில் கால் நகர்ந்துவிட்டால்தான் மானம் போயிற்று. விழுந்தவனைப் படகில் இழுத்துப் போட்டதும் அவன் கேட்கும் முதல் கேள்வியே "கால் நகர்ந்துச்சா?" என்பதுதான். பதினைந்து கோடை அந்தப் பலகையில் நின்றவன் ஒனோரே. ஒருமுறைகூட அவன் கால் நகர்ந்ததில்லை.

பிறகு ஒரு மோதலில் வலது முழங்கால் உடைந்தது. இனி பலகை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவன் துறைமுகத்துப் பக்கமே வருவதை நிறுத்தினான். பட்டறைக்கு வருவதற்குக்கூட மேட்டுத் தெரு வழியாகச் சுற்றி, நொண்டிக்கொண்டு வருவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் செத்தா போய்விட்டான்?

நான்கு வருடம் இப்படியே ஓடியது. ஒரு மதியம் பனீஸ் என்கிற கடலைமாவு வறுவல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒனோரே எண்ணெய்க் காகிதத்தை இழுத்து அதிலேயே படம் போட ஆரம்பித்தான்.

"ஜெட் ஸ்கீ பம்பு அடிக்கிற தண்ணிய ஹோஸ்ல ஏத்தி, முதுகுல ஒரு பெட்டிக்குக் கொண்டு வர்றோம். தோளுக்கு ஒரு நாசில், தண்ணி பீச்சுற முனை, ரெண்டும் கீழ்நோக்கி. தண்ணி கீழ போனா ஆள் மேல போவான்."

"டிவியில எவனோ பறந்தானே, அது மாதிரியா? அவனுக்குக் காலுக்கடியில பலகை இருந்துச்சே."

"பலகைன்னா முட்டி வேணும். எனக்குத்தான் முட்டி இல்லையே. தோள்ல தொங்கவிடு என்னை."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் இரண்டு வருடம் உழைத்தேன். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, பேரிங் வைத்த சுழல் மூட்டு ஒன்றை நான் கடைந்தேன். உப்புத் தண்ணீரில் முதல் மூன்றும் இறுகிப்போயின. உயரம் ஏற ஏற ஹோஸுக்குள் இருக்கும் தண்ணீரின் எடையும் ஆளோடு தொங்கும். பன்னிரண்டு மீட்டர் ஹோஸைக் கடைசியில் ஒன்பதாக வெட்டினோம். ஜெட் ஸ்கீயில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைப் பிடிப்பது நான். கட்டைவிரலை மேலே காட்டினால் கூட்டவேண்டும், கீழே காட்டினால் குறைக்கவேண்டும்.

முதல் நாள் மேலே போனான். போன வேகத்திலேயே முன்னால் பாய்ந்து, ஹோஸ் இழுத்து, முகம் குப்புற விழுந்தான். அன்று மட்டுமா? அந்தக் கோடை முழுக்க, அடுத்த கோடையிலும் பாதி. ஒருநாள் எரிச்சலில் அவனை ஜெட் ஸ்கீயில் உட்காரவைத்துவிட்டு நானே மாட்டிக்கொண்டு ஏறினேன். கொடியில் காயும் சட்டை மாதிரி சும்மா தொங்கினேன். ஒரு நிமிடம் பெட்டி அசையாமல் நின்றது.

"பாத்தியா? ஒண்ணுமே பண்ணாத. சும்மா தொங்கு. நீ நெஞ்ச முன்னால நீட்டுற."

"நான் எங்க நீட்டுறேன்?"

பெட்டியை என் முதுகிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்கே அது தெரியாது. பதினைந்து வருடம் அடி வாங்கக் காத்திருந்த உடம்பு. காலுக்குக் கீழே தண்ணீர் தெரிந்தால் தானாக முன்னால் சாயும். உடம்பை மாற்ற முடியாது, இரும்பை மாற்றலாமே என்று எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது. அவனைச் சுவரோரம் நிறுத்தி, "எதிர்ப்படகு வருதுன்னு நெனச்சுக்க" என்றேன். அவன் சாய்வைச் சுவரில் கோடாக இழுத்து, கோணமானியை வைத்துப் பார்த்தேன். பதினொரு டிகிரி. இரண்டு நாசிலையும் அறுத்து, அதே அளவு முன்பக்கமாகத் திருப்பி வெல்டு வைத்தோம். அவன் சாய்ந்தால் தண்ணீர் நேராகக் கீழே போகும்.

மறுநாள் அவன் அந்தரத்தில் அசையாமல் நின்றான். கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "திருவிழாவுக்கு ஏறுவேன், ஜோசியான். எல்லாப் பயலும் பாக்கணும்" என்றான்.

அந்த நேரம் பார்த்து கான் நகரத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். கடல் விளையாட்டுச் சாமான் விற்பவர். மாட்டிக்கொண்டு ஏறினார். நிமிர்ந்து நிற்கும் மனுஷன், பின்பக்கமாகவே பறந்துபோய் ஒரு மீன்பிடிப் படகின் கூடாரத்தின் மேல் உட்கார்ந்தார்.

துவட்டிக்கொண்டே சொன்னார்: "மேடம், நாசில நேராக்குங்க. திருவிழா அன்னைக்கு வர்றேன். நேரா பறந்துச்சுன்னா இருபது பெட்டி எடுத்துக்கிறேன்."

இருபது. எனக்கு ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன். இருந்தது ஒரே ஒரு பெட்டி. திருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, ஒனோரே வருவதற்குள் அறுத்து நேராக்கிவிட்டேன்.

அவன் வந்தான். பெட்டியைத் தூக்கப் போனவன் நாசிலைத் தடவிப் பார்த்தான். கத்துவான் என்று நானும் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"சரிதான். உன் பட்டறை, உன் மிஷினு. நீ ஏறு. நான் மேட்டுத் தெருவுல இருந்து பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய் வெல்டிங் முகமூடியை ஆணியில் மாட்டினான். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"அத ஏன்டா மாட்டுற? எடு. யார் வெல்டு வைப்பா, உங்கப்பனா?"

சுவரில் சாய்வுக்கோடு இன்னும் அழியாமல் இருந்தது. மத்தியானத்துக்குள் பழையபடி திருப்பிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மிஸ்ட்ரால் காற்றுகூட அடங்கியிருந்தது. கடைசிப் போட்டி முடிந்ததும் ஒனோரே தண்ணீரிலிருந்து எழும்பினான். ஆறு மீட்டர். நெஞ்சை நீட்டி, தாடையை இறக்கி, பலகையில் நின்ற அதே ஒனோரே. படித்துறையில் கான் நகரத்து ஆள் உதவாது என்று தலையை ஆட்டிவிட்டுக் காருக்குப் போவது தெரிந்தது. போகட்டும்.

இரண்டு படகிலும் பலகையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மோதுவதற்கு முன்னால் எதிராளிக்குச் செய்கிற மாதிரி, மெதுவாகக் கழியை அவனை நோக்கி உயர்த்தினார்கள். கரையில் நிற்பவனுக்கு யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

நான் அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கீழே காட்டவில்லை. நானும் குறைக்கவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்ததில் பெட்ரோல் முள்ளையும் பார்க்கவில்லை. எஞ்சின் இருமியது, நின்றது. அவன் விழுந்தான்.

போட்டிக்காரர்கள்தான் இழுத்துப் படகில் போட்டார்கள். நான் நீந்திப் போய் விளிம்பைப் பிடித்தேன். உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைத் தேடினான்.

"ஜோசியான், கால் நகர்ந்துச்சா?"

அவன் காலுக்குக் கீழே ஆறு மீட்டருக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

"இல்லடா. கொஞ்சம்கூட நகரல" என்றேன்.