கெக் லோக் சி படிக்கட்டும் என் முட்டியும்

திருப்பூரிலிருந்து என் கடைக்குத் துணி அனுப்புகிறவர் வந்திருந்தார். அவருக்குத் துணையாக இன்று அரைநாள் சுற்றுலா வேனில் நானும் ஏறினேன்.

முதலில் காட்டிய பழைய கோட்டைவரை சமாளித்தேன். அடுத்து மலைமேல் இருக்கும் கெக் லோக் சி சீனக் கோயிலின் படிக்கட்டைப் பார்த்ததும் முட்டி கெஞ்சியது.

"என்ன முதலாளி, வயசாயிடுச்சா?" என்றார் திருப்பூர்க்காரர். தளர்ந்து தெரிந்தால் என் வியாபாரமும் தளர்ந்ததாக எண்ணுகிற ஆள்.

வேனில் எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் முந்திக்கொண்டாள். "அண்ணே, எனக்கு முட்டி வலி லா. நீங்க துணைக்கு இருங்க, அவங்க போயிட்டு வரட்டும்."

நானும் அவளும் நிழலில் உட்கார்ந்து, துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம்.

இறங்கி வந்தவர் தொப்பியை மேலேயே மறந்துவிட்டார். "இருங்க சார்" என்று அவள் படியேறி ஓடினாள்.

திருப்பூர்க்காரர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

முட்டி வலிக்கு நல்ல எண்ணெய் இருந்தால் சொல்லுங்கள். எனக்கில்லை, அந்தத் தங்கச்சிக்குத்தான்.