முருகனுக்கு அட்வான்ஸ்

போன ஆடி மாதம், என் கணவருக்கு இதய ஆபரேஷன் நடப்பதற்கு முந்தின நாள் காலையில், மயிலாப்பூரில் ஒரு முருகன் கோயிலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புதான் வருகிறது. அழுகை அப்புறம்தான்.

நானும் என் சிநேகிதியும் தி.நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறோம். எதிரெதிரே இரண்டு மெஷின், நடுவில் ஒரு முருகன் படம். அவள் பூ வைப்பாள், நான் ஊதுபத்தி ஏற்றுவேன். அதற்குப் பிறகு மெஷினைவிட எங்கள் வாய்தான் அதிகம் ஓடும். என் கணவருக்கு நெஞ்சுவலி வந்த அன்றே அவள் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆபரேஷன் கொஞ்சம் சிக்கல்தான்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டு நகர்ந்ததும், நான் அழ ஆரம்பிப்பதற்குள் அவள் கையைத் தலைக்கு மேலே கூப்பினாள்.

"முருகா! எங்கண்ணன் பொழச்சு வந்தா, இவ உனக்கு அங்கப்பிரதட்சணம் பண்ணுவா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, வேண்டிக்கிறது நீ, உருள்றது நானா? என் உடம்பைப் பாத்துட்டுதான் பேசறியா?"

"எனக்கு டிஸ்க்கு வெலகிக் கீதுடி. கொடம்கூட தூக்கக் கூடாதுன்ட்டாரு டாக்டரு. அது முருகனுக்கே தெரியும்."

அதோடு விட்டாளா? ஓட்டை வீட்டுக்குக்கூட அட்வான்ஸ் வாங்குகிற ஊர் இது, முருகனுக்கும் முன்னாடியே கொடுத்துவிடுவோம் என்று சொல்லி, விடிந்ததும் என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போய்விட்டாள்.

ஈரப் புடவையோடு தரையில் படுத்து, கூப்பிய கைகளைத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு, பிராகாரத்தை உருண்டே சுற்ற வேண்டும். உருளுகிறவளுக்குத் திசை தெரியாது. கூட ஒருவர் நடந்து வந்து, மூலை வந்தால் காலைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். அது அவள் வேலை.

கொடிமரத்தடியில் படுத்து, கண்ணை மூடி, உருள ஆரம்பித்தேன். அவள் சொன்ன வேலையைச் செய்திருப்பாள், பக்தி வராமல் இருந்திருந்தால்! நாலடி நடப்பதற்குள் அவளுக்கும் கண் மூடிக்கொண்டது. "முருகா, எங்கண்ணன காப்பாத்து" என்று கண்ணீர் வடிய அவள் பாட்டுக்கு ஒழுங்காக வலம் போய்விட்டாள். மூலையில் திரும்ப வேண்டிய நான் நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். தரை சூடாவது போல இருந்தது, நெய் வாசனை வேறு. ஆஹா, முருகன் நெருங்கிவிட்டான் என்று மெய்சிலிர்த்து இன்னும் வேகமாக உருண்டேன்.

"அம்மா! நில்லுங்கோ, நில்லுங்கோ! சுவாமி அந்தப் பக்கம். இது மடப்பள்ளி!"

கண்ணைத் திறந்தால், பிரசாதம் சமைக்கிற மாமா கரண்டியோடு குறுக்கே நிற்கிறார். அவருக்குப் பின்னால் அண்டாவில் பொங்கல் கொதிக்கிறது.

எழுந்து உட்கார்ந்தேன். கோயிலே சுற்றியது. பிராகாரத்தில் கால்வாசிகூட முடியவில்லை. படுத்தாலே குமட்டியது. சட்டென்று பயம் வந்துவிட்டது. பாதியில் நின்றுபோன வேண்டுதல், நாளைக்கு ஆபரேஷன். மடப்பள்ளி வாசலிலேயே உட்கார்ந்து, ஓடி வந்த அவளைப் பார்த்து ஓவென்று அழுதேன். "பாத்தியா, முருகன் என்னைத் திருப்பி அனுப்பிட்டான். அவர் பொழைக்க மாட்டாரு."

அவள் தன் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து மடப்பள்ளி மாமா கையில் கொடுத்தாள். குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் படுத்துவிட்டாள்.

"உனக்குப் பைத்தியமா? உன் இடுப்பு!"

"இடுப்பு கெடக்குது. அண்ணன் வரட்டும். கைய குடு. நீ கோணிக்கினா நான் இழுக்கறேன், நான் கோணிக்கினா நீ இழு."

தலையோடு தலை வைத்து, கையைக் கோத்துக்கொண்டு உருண்டோம். நான் "முருகா" என்றேன். அவள் "ஐயோ முருகா" என்றாள். மாமா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பெல்ட்டுமாக, "இப்படி, இப்படி" என்று வழி காட்டிக்கொண்டே கூட வந்தார். கொடிமரத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் எழுந்துவிட்டேன். அவளால் முடியவில்லை. "நீ ஆஸ்பத்திரிக்குப் போடி, நான் இங்கியே இருந்துக்கறேன்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில் என் கணவர், கீழ்மாடியில் இடுப்பில் கட்டோடு அவள். கஞ்சி ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நான் இருவருக்கும் நடுவில் ஏறி இறங்கினேன். என் கணவர் நடக்க ஆரம்பித்த அன்று அவளைப் பார்க்கக் கூட்டிப் போனேன்.

"நெஞ்சைப் பொளந்த நானே கம்முனு கெடக்கறேன். உன் சத்தம் மாடி வரைக்கும் வருதும்மா" என்றார்.

அவள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஏன்டி, என் இடுப்புக்கு நீ இன்னா வேண்டிக்கினே?" என்று என்னைக் கேட்டாள்.

கையைத் தலைக்கு மேலே கூப்பினேன். "முருகா, இவ எழுந்து நடந்துட்டா, என் வீட்டுக்காரர் உனக்கு அங்கப்பிரதட்சணம் பண்ணுவாரு!"

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் வலியையும் மறந்து சிரித்தாள், வலித்ததும் என்னைத் திட்டினாள்.

இப்போது கடையில் மறுபடி இரண்டு மெஷினும் ஓடுகின்றன. அவர் இந்தத் தையில் உருளப்போகிறார், டாக்டரும் சம்மதித்துவிட்டார். கடவுளை எங்கே பார்த்தாய் என்று யாராவது என்னைக் கேட்டால், ஈரத்தோடு வந்து அவள் என் பக்கத்தில் படுத்த அந்த மடப்பள்ளி வாசலைத்தான் சொல்வேன்.